இன்ஸ்டிடியூட்டா, விஸ்காமா, பிரிண்டிங் யூனிட்டா: கிராஃபிக் டிசைன் எங்கே படிக்கலாம்?

கிராஃபிக் டிசைன் படிக்கப் போறேன் என்று பிள்ளை சொன்னதும் நம்ம ஊர்ப் பக்கம் வீட்டில் வருகிற முதல் கேள்வி, "அதப் படிச்சா என்ன வேலைக்குப் போறதுங்கண்ணு?" கேள்வி நியாயமானதுதான். சொல்லப்போனால் அதற்குப் பதில் தெரிந்தால்தான் எங்கே படிப்பது என்பதே முடிவாகும். ஈரோட்டில் ஃப்ளெக்ஸ் கடையில் உட்கார்ந்திருப்பவரும் டிசைனர், திருப்பூரில் டீ-ஷர்ட் பிரிண்ட்டுக்கு செப்பரேஷன் (படத்தைக் கலர் கலராகப் பிரிப்பது) போடுகிறவரும் டிசைனர், கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனியில் ஆப் ஸ்கிரீன் வரைகிறவரும் டிசைனர். சாஃப்ட்வேரும் ஆளுக்கு ஒன்று: முதல் ஆள் கோரல்டிராவில் இருப்பார், இரண்டாவது ஆள் ஃபோட்டோஷாப்பும் இல்லஸ்ட்ரேட்டரும், மூன்றாவது ஆள் ஃபிக்மா. ஒருவருடைய சீட்டில் இன்னொருவரை உட்கார வைத்தால் ஒரு வாரம் திணறுவார்.

முதலில் இன்ஸ்டிடியூட். கோவையில் காந்திபுரம், கிராஸ்கட் ரோடு பக்கம் போர்டுகளுக்குப் பஞ்சமில்லை. மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருடம் என்று கோர்ஸ், கூடவே 'வேலை உத்தரவாதம்' என்று ஒரு வரி. இங்கே கற்றுத்தருவது டூல்ஸ். பென் டூல், லேயர், மாஸ்க் எல்லாம் வேகமாகக் கைக்கு வரும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பேட்சில் படித்த பிள்ளைகளின் போர்ட்ஃபோலியோக்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எல்லாரிடமும் அதே காபி ஷாப் லோகோ, அதே பர்கர் போஸ்டர் இருக்கும். வேலைக்கு எடுப்பவர் இரண்டாவது ஃபைலிலேயே கண்டுபிடித்துவிடுவார். அப்பாவுக்கே பிரஸ் இருக்கிறது, போய் உட்கார சீட் தயார் என்றால் இன்ஸ்டிடியூட் போதும். மற்றவர்களுக்கு அந்தச் சர்ட்டிபிகேட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. டூல்ஸை யூடியூபிலேயே கற்கலாம், தமிழிலேயே நிறைய இருக்கிறது.

பி.எஸ்சி. விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) மூன்று வருடம், கோவையில் பல கலைக் கல்லூரிகளில் இருக்கிறது. சேருவதற்கு முன் சிலபஸைப் பாருங்கள். போட்டோகிராபி, வீடியோ எடிட்டிங், விளம்பரம், மீடியா தியரி எல்லாம் வரும். கிராஃபிக் டிசைனுக்கென்று தனியாக இருப்பது சில பேப்பர்கள்தான். அதனால்தான் விஸ்காம் முடித்தவர்களில் நிறையப் பேர் கல்யாண வீடியோ பக்கம் போய்விடுகிறார்கள். டிசைன் மட்டும்தான் வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது கொஞ்சம் சுற்று வழி.

ஆனால் அந்த டிகிரிக்கு இரண்டு இடங்களில் மதிப்பு உண்டு. ஐடி கம்பெனியில் யூஐ, யூஎக்ஸ் (ஆப், வெப்சைட் ஸ்கிரீன்களை வடிவமைக்கிற) வேலைக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் ஹெச்.ஆர். முதலில் தேடுவது ஒரு டிகிரியை. போர்ட்ஃபோலியோவைத் திறந்து பார்ப்பது அதற்கு அப்புறம். இன்னொன்று சீட் (CEED) என்கிற டிசைன் நுழைவுத் தேர்வு. ஐஐடி பம்பாய் நடத்துகிற இந்தத் தேர்வை எழுத பிளஸ் டூவுக்குப் பிறகு குறைந்தது மூன்று வருடப் படிப்பு வேண்டும். தேறினால் ஐஐடிகளில் எம்.டெஸ். என்கிற டிசைன் முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கலாம். ரூபாய் குறியீட்டை வரைந்த உதயகுமார் ஐஐடி பம்பாயின் டிசைன் பள்ளியில் படித்தவர்தான், தமிழ்நாட்டுக்காரர், 2010-ல் அவருடைய வடிவம் தேர்வானது. ஆறு மாத சர்ட்டிபிகேட்டை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக முடியாது.

பிளஸ் டூ முடித்த கையோடு பி.டெஸ். என்கிற டிசைன் இளங்கலை போக நினைப்பவர்களுக்கு யூசீட் (UCEED), என்ஐடி (NID), நிஃப்ட் (NIFT) நுழைவுத் தேர்வுகள் இருக்கின்றன. யூசீட் எழுத எந்த குரூப் படித்திருந்தாலும் சரி, கையால் வரைகிற பகுதியும் உண்டு. நிஃப்ட்டில் நாலு வருடக் கட்டணம் பத்து லட்சத்தைத் தாண்டும், அதையும் கணக்கில் வையுங்கள். சென்னை நிஃப்ட்டும் திருப்பூர் நிஃப்ட்-டீ கல்லூரியும் ஒன்று என்று நினைத்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இன்னும் இருக்கிறார்கள். இரண்டும் வேறு. பின்னது திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் தொடங்கியது, பின்னலாடைப் படிப்புக்கானது. இடம் கிடைத்தால் பி.டெஸ்.ஸை விடாதீர்கள். அதையே நம்பி இரண்டு வருடம் வீட்டில் இருக்கவும் வேண்டாம்.

அடுத்தது யாரும் படிப்பு என்று கணக்கில் எடுக்காத வழி: நேராக பிரிண்டிங் யூனிட்டில் போய் உட்காருவது. என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான், காரணம் சொல்கிறேன்.

திருப்பூரில் ஒரு கறுப்பு டீ-ஷர்ட்டுக்கு நெஞ்சு பிரிண்ட் வருகிறது என்று வையுங்கள். பையர் (ஆர்டர் கொடுக்கிற கம்பெனி) அனுப்பிய படத்தில் அஞ்சு கலர், ஒவ்வொன்றுக்கும் அந்தக் கலரைக் குறிக்கிற பான்டோன் நம்பர். ஒரு கலருக்கு ஒரு ஸ்கிரீன், அதாவது மை இறங்குகிற வலைச் சட்டம். துணி கறுப்பு என்பதால் அடியில் வெள்ளை அண்டர்பேஸ் வேண்டும், ஆக அஞ்சு என்பது ஆறாகிவிடும். அந்த வெள்ளையை மேலே வரும் கலரைவிட ஒரு மயிரிழை உள்ளே சுருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரத்தில் வெள்ளைக் கோடு எட்டிப் பார்க்கும். கலர் மங்கி மறைகிற இடமெல்லாம் ஹாஃப்டோன் புள்ளியாக மாற வேண்டும், புள்ளி ரொம்பச் சின்னதாக இருந்தால் மெஷ்ஷில் நிற்காது. ஒரு கலரைக் குறைத்து அதே தோற்றத்தைக் கொண்டுவந்தால் ஒரு ஸ்கிரீன் செலவு மிச்சம், முதலாளிக்கு அந்த ஆளை விட மனசு வராது. ஸ்ட்ரைக் ஆஃப் (மாதிரி பிரிண்ட்) துணியில் அடித்துப் பார்த்து, ஆர்டரைக் கவனிக்கிற மெர்ச்சன்டைசர் 'இந்தச் சிவப்பு இல்லைங்க' என்று திருப்பி அனுப்பும்போது கலரைப் பற்றி ஒரு பிள்ளை கற்றுக்கொள்வது கிளாஸ் ரூமில் வராது.

ஃப்ளெக்ஸ் கடையையும் இளப்பமாகப் பார்க்காதீர்கள். பத்தடிக்கு எட்டடி பேனரை இன்ஸ்டிடியூட்டில் சொன்ன மாதிரியே 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) திறந்தால் அகலம் மட்டும் 36,000 பிக்சல். ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலுக்கு எல்லை 30,000 என்பதால் அந்த வடிவில் சேவ்கூட ஆகாது. தூரத்திலிருந்து பார்க்கிற பேனருக்கு 72 போதும் என்பது முதல் நாளே தெரிந்துவிடும். தமிழும் அங்கேதான் பழகும். யூனிகோடில் வந்த வாசகத்தை ஃபோட்டோஷாப்பில் ஒட்டினால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்று சிதறும். செட்டிங்கில் வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாற்றினால் சரியாகும். யூனிகோடு இல்லாத பழைய பாமினி எழுத்துருவில் ஃபைல் வந்தால் அது தனிக் கதை. தாய்மாமன், பங்காளி படம் ஒன்று விடாமல் சீர் பேனரில் அடுக்கி, யார் படமும் சிறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வது லேஅவுட் தேர்வு இல்லாமல் வேறென்ன?

குறைகளும் இருக்கின்றன. ஃப்ளெக்ஸ் வேலை முகூர்த்தத்தைப் பொறுத்தது. தை, வைகாசியில் ராத்திரி பன்னிரண்டு மணி வரை சிஸ்டத்தில் இருக்க வேண்டும், ஆடியும் மார்கழியும் வந்தால் கல்யாண ஆர்டர் நின்றுவிடும். தொடக்கச் சம்பளம் சொல்லிக்கொள்கிற மாதிரி இருக்காது. பெரிய குறை, டிசைனைப் பார்க்கிற கண் வளராது. ஏன் இந்த எழுத்து, ஏன் இவ்வளவு வெற்றிடம் என்று கேட்கிற பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது, 'இன்னும் பெருசா போடுங்க' என்பதுதான் காதில் விழும். விஸ்காம் இதைக் கொஞ்சம் தரும், பி.டெஸ். நிறையத் தரும்.

ஏஐ வந்துவிட்டதே, கேன்வா இருக்கிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: பிறந்தநாள் போஸ்டர், கடைத் தள்ளுபடி விளம்பரம் மாதிரி சின்ன வேலைகள் போய்க்கொண்டிருக்கின்றன, திரும்ப வராது. அதையே நம்பி ஃப்ரீலான்ஸ் ஆரம்பிப்பது இப்போது நல்ல யோசனை இல்லை. ஆனால் ஏஐ வரைந்த புலிப் படத்தில் ஆயிரக்கணக்கில் நிறங்கள் இருக்கும். அதை ஆறு ஸ்கிரீனுக்குள் அடக்கித் துணியில் ஏற்றத் தெரிந்த ஆள் வேண்டும். அந்த ஆளுக்குத் திருப்பூரில் வேலை இருக்கும்.

அதனால் என்னைக் கேட்டால் கோவையில் விஸ்காம் சேர்ந்து, லீவு நாட்களில் திருப்பூரில் ஒரு யூனிட்டில் செப்பரேஷன் டேபிள் பக்கம் உட்காருங்கள். ஐடி பக்கம் போகிற ஆசை இருந்தால் கடைசி வருடம் ஃபிக்மா, கூடவே சீட் தேர்வு. டிகிரிக்கு வீட்டில் வசதியில்லை என்றால் யூனிட்டை முதலில் பிடித்துவிட்டு, தொலைநிலைக் கல்வியில் ஏதாவது ஒரு டிகிரி போட்டுவையுங்கள். இன்ஸ்டிடியூட்டுக்குத்தான் பணம் கட்டுவது என்று முடிவாகிவிட்டால், கட்டுவதற்கு முன் போன வருடம் முடித்த மூன்று பேரின் வேலையைக் காட்டச் சொல்லுங்கள். மூன்றிலும் அதே காபி ஷாப் லோகோ இருந்தால் டவுன் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம்.