டன்னும் ஹெர்பர்ட்டும்

ஜான் டன், ஜார்ஜ் ஹெர்பர்ட் இருவருமே ஆங்கிலத் திருச்சபைக் குருமார்கள். இருவரின் ஆங்கிலக் கவிதைத் தொகுப்புகளும் அவர்கள் இறந்தபிறகு, 1633-ல்தான் நூலாக வந்தன. ஆனால் கடவுளிடம் பேசும் விதம் வேறு.

டன் 1621 முதல் லண்டன் புனித பவுல் பேராலயத்தின் தலைமைக் குரு. அவருடைய பக்திப் பாடல்களில் ஒரே முட்டலும் மோதலும்தான். ஒரு சானெட்டில் (பதினான்கு வரிக் கவிதை), 'கதவைத் தட்டியது போதும், என் இதயத்தை இடித்து உடைத்து உள்ளே வா' என்று மூவொரு கடவுளிடம், அதாவது தந்தை, மகன், தூய ஆவி என மூவராக இருக்கும் ஒரே கடவுளிடம், மன்றாடுகிறார். எதிரி பிடித்துவைத்த ஊர் போலக் கிடக்கிறேன் என்கிறார். படிக்கும்போது நமக்கே மூச்சு வாங்கும்.

ஹெர்பர்ட் சாலிஸ்பரி பக்கம் பெமர்ட்டன் என்ற சிற்றூரில் பங்குக் குரு. அவரும் முரண்டு பிடிப்பவர்தான். ஒரு கவிதையில் மேசையை அறைந்து, 'இனி முடியாது' என்று கத்துகிறார். அப்புறம் 'பிள்ளாய்!' என்று யாரோ கூப்பிடுவது போலக் கேட்கிறது. 'என் ஆண்டவரே' என்று அடங்கிவிடுகிறார். இன்னொன்றில் அன்பே வீட்டுக்காரராக நின்று விருந்துக்கு அழைக்கிறது. தகுதியில்லை என்று தயங்கித் தயங்கி, கடைசியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்.

டன்னின் வேகம் எனக்குப் பிரமிப்பு. ஆனாலும் மனம் நொந்த இரவுகளில் கை தேடுவது ஹெர்பர்ட்டைத்தான்.