இரண்டு காலி நாற்காலிகள்

1888 நவம்பர், பிரான்சின் ஆர்ல் நகர். ஓவியர் வான்கோ தன் நாற்காலியையும், உடன் தங்கியிருந்த சக ஓவியர் கோகனின் நாற்காலியையும் தனித்தனியே வரைந்தார்.

வான்கோவுடையது பகல். முரட்டு மஞ்சள் மரம், மேலே புகைக்குழாயும் புகையிலையும். இருக்கையில் தூரிகை கோரையைப் பின்னுவது போலவே குறுக்கும் நெடுக்குமாக ஓடுகிறது; தடித்த வண்ணத்தை விரலால் தடவிப் பார்க்கத் தோன்றும். எளிமையும் பிடிவாதமும் அந்த மஞ்சளிலேயே இருக்கின்றன.

கோகனுடையது இரவு. கைப்பிடி வைத்த நாற்காலி, பச்சைச் சுவர், சிவந்த தரை. ஒன்றோடொன்று மோதும் அந்த இரு நிறங்களில் நிம்மதியே இல்லை. இருக்கையில் இரண்டு புத்தகங்கள், எரியும் மெழுகுவர்த்தி.

மஞ்சள் நாற்காலிதான் அதிகப் புகழ் பெற்றது. என்னை உலுக்குவதோ பச்சைச் சுவர்தான். அங்கே நிறம் பொருளை விட்டு விலகி, பயத்தையே பூசுகிறது. டிசம்பரில் கோகன் ஆர்லை விட்டுப் போய்விட்டார்.