கிர்பியா, எலக்ட்ரோலக்ஸா? பழைய வேக்குவம் கிளீனர் சேகரிப்பில் உதிரிபாகம் சொல்லும் தீர்ப்பு

பழைய அமெரிக்க வேக்குவம் கிளீனர்களைச் சேகரிக்க இறங்குபவர் கடைசியில் வந்து நிற்பது மூன்று பெயர்களிடம்தான்: எலக்ட்ரோலக்ஸ், ஹூவர், கிர்பி. அழகு என்றால் எலக்ட்ரோலக்ஸ். வடிவமைப்பு வரலாறு என்றால் ஹூவர். ஓடும் நிலையில் வைத்திருக்க வேண்டும், ஒவ்வொரு பாகமும் அசலாக இருக்க வேண்டும் என்றால் கிர்பி. என் சாய்வு கிர்பி பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அதிலும் 1970-களின் கிளாசிக் வரிசையும் அதை அடுத்து வந்த டிரெடிஷனும். எலக்ட்ரோலக்ஸ் பற்றி இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவில் தயாரானவற்றுக்குத்தான். ஐரோப்பிய மாடல்களின் ஹோஸும் பையும் வேறு.

மோட்டாரைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. ஐம்பது வருடம் சும்மா கிடந்த மோட்டாரும் கார்பன் பிரஷ் (சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொடுக்கும் கரித்துண்டு) மாற்றி, பேரிங்கைக் கழுவியோ மாற்றியோ போட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும். பேரிங்கின் பக்கவாட்டில் எண் இருக்கும், இல்லாவிட்டால் உள்விட்டம், வெளிவிட்டம், அகலம் மூன்றையும் அளந்தால் போதும். வயதால் சாகிறவை வேறு: ரப்பர், துணி, பேக்லைட் என்ற பழைய கெட்டி பிளாஸ்டிக். இந்த மூன்றில் எது எவ்வளவு இருக்கிறது, அதை இன்றும் யாராவது செய்கிறார்களா என்பதுதான் கேள்வி.

1937-ல் வந்த எலக்ட்ரோலக்ஸ் மாடல் 30 லுரெல் கில்ட் வடிவமைத்தது. சறுக்குக் கட்டைமேல் படுத்திருக்கும் நீள் உருளை, தோல் போன்ற உறை, பளபளக்கும் உலோக முனைகள். அலமாரியில் வைத்தால் கண் அங்கேதான் போகும். இதில் காற்று முதலில் பையில் வடிந்து, அதன்பிறகே மோட்டார் வழியாகப் போகிறது. எனவே பை கிழிந்திருந்தாலோ, முன்மூடியின் கேஸ்கட் (காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்து இறுகியிருந்தாலோ, நுண்தூசி நேராக மோட்டாருக்குள் போய் பேரிங்கையும் கார்பன் பிரஷ்ஷையும் தின்றுவிடும்.

ஆனால் இதன் தலைவிதி ஹோஸில் இருக்கிறது. வெளியே நூல் பின்னல் புதிதுபோலத் தெரியும், உள்ளே இருக்கும் பூச்சு விறைத்து வெடித்திருக்கும். மோட்டாரை ஓடவிட்டு, இயந்திரத்தின் வாயில் உள்ளங்கையை வைத்து இழுவையைப் பாருங்கள். பிறகு ஹோஸை மாட்டி அதன் மறுமுனையில் வையுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் வழியெங்கும் கசிகிறது. பழைய உலோக முனைகளைக் கழற்றிப் புது பிளாஸ்டிக் குழாயில் பொருத்தலாம். சுத்தம் செய்ய அது போதும், ஆனால் சேகரிப்பில் அந்த ஹோஸை அசல் என்று சொல்ல முடியாது. காற்றுப் புகாத அசல் ஹோஸ் தனியே கிடைப்பது அரிது, கிடைத்தால் இயந்திரத்தின் விலையைக்கூடக் கேட்பார்கள். இன்னொன்று: இதைச் செய்த அமெரிக்க நிறுவனம் இப்போது ஏரஸ் என்ற பெயரில் இருக்கிறது. இன்றைய எலக்ட்ரோலக்ஸ் வேறு நிறுவனம், அதன் உதிரிபாகம் எதுவும் இதற்குப் பொருந்தாது.

ஹூவரில் எல்லோரும் தேடுவது 1936-ன் மாடல் 150. ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்தது. பேக்லைட் மூடி விரிசலில்லாமல் இருந்தால் வாங்குங்கள். விரிசல் விழுந்த பேக்லைட்டை ஒட்டலாம், ஆனால் ஒட்டு தெரியும், சூட்டில் மறுபடி விடும். மூடியின் உட்பக்கத்தில் திருகு ஏறும் இடங்களை டார்ச் அடித்துப் பாருங்கள். விரிசல் அங்கேதான் தொடங்கும்.

இனி கிர்பி. உடல் வார்ப்பு அலுமினியம், விரிசல் அபூர்வம். வயதால் சாகக்கூடியவை என்று பார்த்தால் பெல்ட், பம்பர், துணிப்பை, வயர், அவ்வளவுதான். நிறுவனம் இன்றும் இருக்கிறது. பெல்ட், பிரஷ் ரோல் (தரையைப் பெருக்கும் முடி உருளை), நாஸில் (அந்த உருளை உட்காரும் முன்வாய்) எல்லாம் அடுத்தடுத்த மாடல்களுக்கிடையே பெரும்பாலும் மாறிப் பொருந்தும். பிரஷ் ரோலின் இரு முனை மூடிகளிலும் 1, 2, 3 என்று எண் இருக்கும். புது பிரஷ்ஷை 1-ல் வைக்க வேண்டும். முடி தேயத் தேய இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக 2-க்கும் 3-க்கும் திருப்பினால் பிரஷ் கீழே இறங்கும். நாஸிலின் குறுக்கே ஓர் ஸ்கேலை வைத்து, முடி அதைத் தொடுகிறதா என்று பாருங்கள். 3-லும் தொடவில்லை என்றால்தான் மாற்ற வேண்டும்.

பெல்ட் விஷயத்தில் ஒரு பழக்கம் தேவை. எடுத்து வைக்கும்போது முன்பக்கக் குமிழைத் திருப்பி பெல்ட்டை மோட்டார் தண்டிலிருந்து விலக்கிவிடுங்கள். இழுபட்டபடியே மாதக்கணக்கில் கிடந்தால் அந்த வடிவத்திலேயே இறுகி, ஓடும்போது உதறும். தண்டில் உருகிய ரப்பர் ஒட்டியிருந்தால் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். கத்தியால் சுரண்டினால் தண்டில் கோடு விழுந்து, புது பெல்ட்டை அறுக்கும்.

கிர்பியின் பலவீனம் விசிறி. தூசியும் கல்லும் நாணயமும் முதலில் அதில் மோதித்தான் பைக்குப் போகின்றன. நாஸிலைக் கழற்றிவிட்டு விசிறியைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றுங்கள். ஓர் இதழின் ஓரம் உடைந்திருந்தாலும் சமநிலை கெட்டு, முன் பேரிங் சீக்கிரம் போய்விடும். கழற்றும்போது விசிறிக்குப் பின்னால் மெல்லிய வாஷர்கள் இருந்தால் எத்தனை, எந்த வரிசை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று குறைந்தால் விசிறி கூட்டில் உரசும்.

மாறிப் பொருந்துவதில் ஒரு சிக்கலும் உண்டு. சந்தையில் வரும் கிர்பிகளில் பல, இரண்டு மூன்று இயந்திரங்களை உடைத்துச் சேர்த்தவை. பம்பர், கைப்பிடி, பை, வயர் நான்கின் நிறமும் அந்த மாடலுக்கு உரியதா என்று பழைய கையேட்டுடன் ஒப்பிடாமல் 'அசல்' விலை கொடுக்காதீர்கள். அச்சு அழியாத துணிப்பைதான் இவற்றில் கிடைக்கச் சிரமமானது. அதை இயந்திரத்தில் துவைக்கக் கூடாது. உள்ளே வெளியே திருப்பி உதறி, ஈரத்துணியால் ஒற்றி, நிழலில் உலர்த்துங்கள். அலுமினியத்தில் ஆழமான கீறல் இருந்தால் மட்டும் 600, 1000, 2000 எண் நீர்த்தாள் என்று ஏறிப்போய், பிறகு பாலிஷ். எழுத்து வார்த்த இடங்களில் தாளே வேண்டாம், ஓரம் மழுங்கினால் திரும்ப வராது.

விலை ஏறும் என்று வாங்குபவருக்கு இந்த வாதம் பொருந்தாது. கிளாசிக் ஏராளமாக விற்ற மாடல், வாங்கிய விலைக்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க முடியாது. அரிதானதே வேண்டும் என்றால் 1935-ன் மாடல் சி போன்ற பழைய கிர்பிகளைத் தேட வேண்டும். அங்கே இந்த உதிரிபாக வசதி பாதியாகிவிடும்.

எதை வாங்கினாலும் நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். இரண்டு கம்பி வயர், உலோக உடல், எர்த் கிடையாது. 500 வோல்ட் மெக்கரால் (மின்கசிவுத் தடையை அளக்கும் கருவி) பிளக் முனைக்கும் உடலுக்கும் இடையே அளந்து பாருங்கள், சுவிட்ச் ஆன் நிலையில். 1 மெகா ஓமுக்குக் கீழே என்றால் வயரை மாற்றி மறுபடி அளக்க வேண்டும். சீரீஸ் பல்ப் (மின்வழியில் தொடராக ஒரு பல்பை இணைத்துச் சோதிப்பது) இங்கே அதிகம் உதவாது: மோட்டார் சுருளின் தடை மிகக் குறைவு என்பதால் நல்ல மோட்டாரிலும் பல்ப் பளிச்சென்றுதான் எரியும். வேரியாக்கில் (வோல்ட்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) 40 வோல்ட்டில் தொடங்கி மெதுவாக 120-க்கு ஏற்றுங்கள். புது கார்பன் பிரஷ் போட்டிருந்தால் பாதி வோல்ட்டேஜில் பதினைந்து நிமிடம் ஓடவிட்டால் கம்யூட்டேட்டரில் (கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம்) படிந்துவிடும். சிறு நீலப்பொறி இயல்பு, வளையம் முழுக்கச் சுற்றும் நெருப்பு என்றால் உடனே நிறுத்துங்கள். 230 வோல்ட் உள்ள இடத்தில் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம், மோட்டாரின் வாட்ஸைப்போல ஒன்றரை மடங்கு திறனில்.