இளைய ஜெர்ரி பிரவுனா, மூத்த ஜெர்ரி பிரவுனா?

கலிஃபோர்னியாவில் ஜெர்ரி பிரவுன் இரண்டு கட்டமாக 16 ஆண்டுகள் ஆளுநராக இருந்தார். அங்கே வேறு யாரும் இவ்வளவு காலம் அந்தப் பதவியில் இருந்ததில்லை. சரி, எந்த ஆட்சி மேல்?

1975-83: பதவியேற்றபோது வயது 36. ஆளுநருக்கென்று கட்டிய மாளிகை வேண்டாம் என்று வாடகை வீட்டில் தங்கி, தரையில் மெத்தை விரித்துப் படுத்தார். சாதாரண பிளிமத் காரில் போய்வந்தார். பண்ணைத் தொழிலாளர்களுக்குச் சங்கம் சேரும் உரிமை தந்த 1975ஆம் ஆண்டுச் சட்டம் இன்றும் அவர் பேர் சொல்கிறது. ஆனால் 1976, 1980 என இரண்டு முறை அதிபர் பதவிக்கு முயன்றதில் கவனம் சிதறிவிட்டது.

2011-19: வரும்போதே சுமார் 2,600 கோடி டாலர் பற்றாக்குறை. செலவை வெட்டினார். அப்புறம் 2012இல், வரியை உயர்த்தச் சம்மதம் கேட்டு நேராக மக்களிடமே போய் வென்றார். விடைபெறும்போது கஜானாவில் உபரி இருந்தது.

என் ஓட்டு மூத்தவருக்கே, அதாவது இரண்டாவது ஆட்சிக்கே. காரணம் பணம் மட்டுமல்ல, இளமையில் செய்ததைப் பின்னாளில் தானே திருத்த முன்வந்ததும்தான். 1976இல் தண்டனைக் காலத்தைக் கறாராக நிர்ணயிக்கும் சட்டத்தில் கையெழுத்திட்டவர் இவர்தான். பிற்காலத்தில் சிறைகள் நிரம்பி வழிந்தன. 2016இல் கைதிகள் முன்கூட்டியே விடுதலை பெற வழிசெய்யும் திருத்தத்தை முன்வைத்து, அதற்காக ஓட்டுக் கேட்டவரும் இவரே.