வலை முதுகா, பஞ்சு முதுகா? சிங்கப்பூரிலிருந்து மலையேறப் போகிறவர்களுக்கு மூன்று பைகள்

புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான். ஏறி இறங்க ஒரு பாட்டில் தண்ணீரும், கீழே வந்து தே தாரிக் குடிக்கக் கொஞ்சம் சில்லறையும் போதும். ஆக, இந்த ஊரில் ஒருவர் 60 லிட்டர் முதுகுப் பை வாங்குகிறார் என்றால் அது கடற்பாலத்துக்கு அந்தப் பக்கமோ கடலுக்கு அந்தப் பக்கமோ இருக்கும் மலைக்குத்தான். சிக்கலே இதுதான். பை வாங்குவது ஒரு இடம், அது உழைக்கப்போவது வேறு இடம். ஏசி ஓடும் கடையில் வெறும் பையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றால் எல்லாப் பையும் சுகமாகத்தான் இருக்கும்.

நான் பாடம் கற்றது குனோங் தஹானில். தீபகற்ப மலேசியாவின் ஆக உயரமான மலை அது, 2,187 மீட்டர். உயரத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது. கோலா தஹான் பாதையில் போனால் போய்வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், ஆற்றைத் திரும்பத் திரும்பக் கடக்க வேண்டும், கூடாரம் அரிசி அடுப்பு எல்லாம் உன் முதுகில்தான். அலுவலக நண்பர் ஒருவர் தன் 70 லிட்டர் பையை இரவல் கொடுத்தார். அவர் ஆறடிக்கு மேல், நான் ஐந்தரை அடி. இடுப்புப் பட்டை என் இடுப்பில் உட்காராமல் பிட்டத்தில் உட்கார்ந்தது, அதனால் முழுக் கனமும் தோளில் இறங்கியது. இரண்டாம் நாள் மாலை வலது கையின் இரண்டு விரல்கள் மரத்துவிட்டன. தோள் பட்டை அழுத்தி நரம்பு நசுங்கினால் அப்படி ஆகுமாம், திரும்பி வந்து மருத்துவர் சொல்லித்தான் தெரிந்தது. பையில் ஒரு குறையும் இல்லை, என் முதுகுக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதனால் எந்தப் பை நல்லது என்று யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது, உங்கள் முதுகு எத்தனை சென்டிமீட்டர் என்று. உயரத்தை வைத்து இதைச் சொல்ல முடியாது. ஒரே உயரமுள்ள இரண்டு பேரில் ஒருவருக்குக் கால் நீளம், இன்னொருவருக்கு முதுகு நீளம். அளப்பது சுலபம், ஆனால் தனியாகச் செய்ய வராது. அம்மா தையல் மெஷின் டிராயரிலிருந்து டேப்பை எடுத்துக்கொண்டு வந்து, "தலையைக் குனி" என்றார். குனிந்தால் கழுத்துக்கு அடியில் ஒரு எலும்பு புடைத்துக்கொண்டு நிற்கும், அதுதான் மேல்முனை. அப்புறம் இரண்டு கையையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பில், கட்டைவிரல் பின்பக்கம் வருகிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கட்டைவிரலையும் இணைக்கும் கோடு முதுகெலும்பைத் தொடுகிற இடம் கீழ்முனை. எனக்கு 45 வந்தது. "ரவிக்கைக்கு அளக்கிற மாதிரியே இருக்கே" என்று அம்மாவுக்குச் சிரிப்பு. உண்மையில் வேலையும் அதேதான், ஆயத்தச் சட்டை வாங்குவதைவிட ரவிக்கை தைப்பதற்குத்தான் இது நெருக்கம்.

சரி, பைகளுக்கு வருவோம். நான் அலசியது மூன்று: ஆஸ்ப்ரே ஆட்மோஸ் ஏஜி 65, டாய்ட்டர் ஏர்கான்டாக்ட் வரிசை, டெகத்லானின் ஃபோர்க்லாஸ் 50+10. மற்ற எல்லாப் பைகளும் ஏதோ ஒரு வகையில் இவற்றின் உறவினர்களே.

ஆட்மோஸின் கதை முழுக்க அதன் முதுகில் இருக்கிறது. 2015இல் வந்த அமைப்பு இது. தோள் பட்டைக்குக் கீழே தொடங்கி இடுப்புப் பட்டை வரைக்கும் ஒரே வலையாக, கயிற்றுக் கட்டில் மாதிரி, விறைப்பாகக் கட்டியிருக்கும். பை உங்கள் முதுகைத் தொடாது, வலைதான் தொடும். மாட்டின உடனே யாரோ பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப்பிடித்த மாதிரி இருக்கும், கடையில் பத்துப் பேர் மாட்டிப் பார்த்தால் எட்டுப் பேர் இதைத்தான் கையில் எடுப்பார்கள் என்று நினைக்கிறேன். முதுகு நீளத்தை ஏற்றி இறக்கலாம், இடுப்புப் பட்டையின் மெத்தையைக்கூட முன்னுக்கு இழுத்து நீட்டலாம். பெண்களுக்கான அதே பைக்கு ஆரா என்று பெயர். வெறும் பையே 2 கிலோவுக்கு மேல்.

டாய்ட்டர் 1898இல் ஜெர்மனியின் அவுக்ஸ்பர்க்கில் தொடங்கிய கம்பெனி, ஆரம்பத்தில் பவேரிய அஞ்சல் துறைக்குத் தபால் பை தைத்தவர்கள். விசித்திரம் என்னவென்றால் வலை முதுகை 1984லேயே கொண்டு வந்தவர்களும் இவர்களே. ஆனால் கனமான சுமைக்கென்று செய்கிற ஏர்கான்டாக்டில் வலை கிடையாது. தடித்த நுரைப் பஞ்சு இரண்டு பட்டையாக முதுகோடு ஒட்டி உட்காரும், நடுவில் காற்றுப் போக ஒரு வாய்க்கால். மாட்டின உடனே மயக்குகிற பை இல்லை, பெட்டி மாதிரி இருக்கும், கனமும் கொஞ்சம் கூட. பெயரில் லிட்டர் எண்ணோடு சேர்ந்து வரும் +10 என்பது கழுத்துப் பகுதியை மேலே இழுத்து நீட்டினால் கிடைக்கும் கூடுதல் இடம். எஸ்எல் என்று போட்டிருப்பவை பெண்களுக்கும், குட்டை முதுகுள்ள ஆண்களுக்கும்தான், வெட்கப்படாமல் மாட்டிப் பாருங்கள்.

இப்போது வலையா பஞ்சா என்ற சண்டை. எல்லாரும் சொல்வது, நம் ஊர் வெயிலுக்கு வலைதான் சரி, முதுகு வியர்க்காது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன், தஹான் காட்டில் மூன்று நாள் நடக்கும்வரை. வியர்வை ஆற வேண்டுமானால் அது ஆவியாக வேண்டும். மரங்கள் மூடிய மழைக்காட்டில் இலை அசையாது, காற்றே ஈரத்தில் ஊறிக் கிடக்கும், அங்கே வலை முதுகு போட்டவரும் பஞ்சு முதுகு போட்டவரும் சாயங்காலம் சட்டையைப் பிழிந்தால் ஒரே அளவு தண்ணீர்தான். வலையால் பயனே இல்லை என்று சொல்லவில்லை, சூடு கொஞ்சம் குறையும். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள், அப்புறம் அதே பையைக் கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள். வலை இருந்தால் சுமை முதுகிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளி நிற்கும், அந்தச் சில சென்டிமீட்டர் சமதரையில் தெரியவே தெரியாது, 15 கிலோவோடு வழுக்கும் வேரைத் தாண்டும்போதும் முழங்கால் ஆற்றில் நிற்கும்போதும் பின்னாலிருந்து ஒருவர் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி தெரியும். பஞ்சு முதுகு உங்களோடு சேர்ந்து சாயும், சேர்ந்து நிமிரும்.

வலை தன் முழுப் பெருமையையும் காட்டுகிற இடம் நேப்பாளம். அன்னபூர்ணா அடிவார முகாம் 4,130 மீட்டர், காற்று குளிர்ந்து காய்ந்திருக்கும், வழியெல்லாம் தேநீர் விடுதிகள் இருப்பதால் சுமையும் 10 கிலோவைத் தாண்டாது. அங்கே பஞ்சு முதுகோடு ஏறி வியர்த்துவிட்டு, பையைக் கழற்றி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் ஈரச் சட்டை முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஒட்டும். வலையில் சட்டை பாதி காய்ந்தே இருக்கும். ஆக என் கணக்கு ஊர்ப் பேச்சுக்குத் தலைகீழ்: சூடான காட்டுக்குப் பஞ்சு, குளிர்ந்த மலைக்கு வலை. இதை ஒத்துக்கொள்ளாத நண்பர்கள் எனக்கு உண்டு, அவர்களில் யாரும் தஹான் போனதில்லை.

டெகத்லான் பை பற்றிப் பேசும்போது என் சித்தி மகள் பக்கத்தில் இருந்தால் அவளே பேசுவாள். அவள் உயரம் 155 சென்டிமீட்டர். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை இந்தோனேசியாவின் ரிஞ்சானி எரிமலைக்குப் போக வேண்டும், அதற்காகப் பெரிய கம்பெனிப் பை வாங்க மனசில்லை என்று டெகத்லானின் காலாங் கடைக்குப் போய் ஃபோர்க்லாஸ் எடுத்தாள். ஈஸிஃபிட் என்று பெயர் போட்ட பைகளில் முதுகு நீளத்தை மாற்றிக்கொள்ளலாம், அவளுடையது கீழ்ப் படியில் கச்சிதமாக உட்கார்ந்தது. "அண்ணா, உங்க பை விலைக்கு நான் பையும் வாங்கி விமான டிக்கெட்டும் எடுத்துட்டேன்" என்று இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள். நியாயம்தான். மெத்தை மற்ற இரண்டு அளவுக்குத் தடிமன் இல்லை, 12 கிலோ வரைக்கும் அது பெரிதாகத் தெரியாது, அதற்கு மேல் இடுப்பெலும்பில் தெரியும். முதல் பயணத்துக்கு இதை வாங்க நான் தயங்கவே மாட்டேன். பொருந்தாத விலையுயர்ந்த பையைவிடப் பொருந்துகிற மலிவுப் பை எவ்வளவோ மேல்.

ஒரு கிலோவுக்குச் சற்றே மேலிருக்கும் லேசான பைகளும் உண்டு, ஆஸ்ப்ரே எக்ஸோஸ் மாதிரி. உள்ளே வைக்கிற சாமானும் லேசாக இருந்தால்தான் அவற்றுக்கு அர்த்தம். அரிசிக் குக்கரைத் தூக்கிக்கொண்டு போகிற குழுவுக்கு வேண்டாம்.

தேசிய சேவை என்ற கட்டாய ராணுவப் பணியை முடித்த அண்ணன்மார்கள் சிலர், "24 கிலோமீட்டர் ரூட் மார்ச்சையே ஃபீல்ட் பேக் போட்டு நடந்தவன் நான், எனக்கெதற்கு இதெல்லாம்" என்பார்கள். நடந்தீர்கள், மறுக்கவில்லை. பத்தொன்பது வயதில் நடந்தீர்கள், மறுநாள் படுத்தே கிடந்தீர்கள். மலையில் மறுநாளும் நடக்க வேண்டும்.

கடையில் மாட்டிப் பார்க்கும்போது உள்ளே கனம் போடச் சொல்லுங்கள், மணல் மூட்டை வைத்திருப்பார்கள், இல்லையென்றால் கயிறு, கூடாரம், எதையாவது திணியுங்கள், 10 கிலோ கட்டாயம் இருக்க வேண்டும். மாட்டுகிற வரிசையும் முக்கியம். முதலில் எல்லாப் பட்டையையும் தளர்த்திவிட வேண்டும். இடுப்புப் பட்டையின் நடுப்பகுதி இடுப்பெலும்பு விளிம்பின் மேல் சரியாக உட்கார்ந்த பிறகு அதை இறுக்க வேண்டும், தோள் பட்டை அதற்கு அப்புறம், அதுவும் தோளைத் தழுவுகிற அளவுக்கு மட்டும். தோளுக்கு மேலே பையிலிருந்து சாய்வாக வரும் சின்னப் பட்டையைக் கடைசியில் லேசாக இழுத்தால் சுமை முன்னுக்கு வரும், அது ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் நின்றால் முதுகு நீளம் சரி என்று அர்த்தம். கிடைமட்டமாகவோ, தோளிலிருந்து பையை நோக்கிக் கீழே இறங்குவதாகவோ இருந்தால் பை உங்களுக்குக் குட்டை. இப்போது தோள் பட்டைக்கு அடியில் ஒரு விரலை விட்டுப் பாருங்கள், சுலபமாகப் போனால் கனத்தில் முக்கால் பங்கு இடுப்புக்குப் போய்விட்டது. அப்படியே இருபது நிமிடம் கடைக்குள் சுற்றுங்கள். விற்பனையாளர் முறைத்தால் முறைக்கட்டும்.

வாங்கிய பிறகும் சோதனை முடியவில்லை. நான் தேக்காவில் வாங்கிய 5 கிலோ பொன்னி இரண்டு பையும் தண்ணீர் பாட்டில்களுமாக 13 கிலோ நிரப்பி, எங்கள் புளோக்கின் பன்னிரண்டு மாடிப் படியையும் ஏறுவேன், இறங்க மட்டும் லிஃப்ட். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் தூக்காதே என்பார்கள், எனக்கு அது 13தான். ஒரு நாள் லிஃப்டில் எட்டாம் மாடி ஆன்ட்டி பையைப் பார்த்துவிட்டு, "ஊருக்கா தம்பி? எத்தனை மணி விமானம்?" என்றார். அரிசி என்று சொல்ல வாய் வரவில்லை, இரவு விமானம் என்று சொல்லிவிட்டேன்.

இவ்வளவு பேசிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். நம் ஊரிலிருந்து பலரும் முதலில் போகும், சபாவில் இருக்கும் கினபாலு மலைக்கு இந்த மூன்றில் எதுவும் வேண்டாம். 4,095 மீட்டர் என்றாலும் ஒரே இரவுதான் தங்குகிறீர்கள், வழியில் தங்கும் விடுதிகள் இருக்கும் பானாலாபானில் படுக்கையும் சாப்பாடும் உண்டு. ரிஞ்சானியில் கூடாரத்தையும் சமையல் பாத்திரத்தையும் சுமைதூக்கிகள் மூங்கில் கழியில் கட்டித் தோளில் கொண்டு போகிறார்கள், செருப்புக் காலோடு, நம்மைத் தாண்டி. இரண்டுக்கும் இடுப்புப் பட்டை உள்ள 30, 35 லிட்டர் பை ஒன்று போதும். தங்கையின் 50+10இல் பாதி காலியாகத்தான் போனது, அதை நான் சொல்லிக் காட்டுவேன்.

மழைக்கு மேலுறையை மட்டும் நம்ப வேண்டாம். ஆற்றில் பை நனைவது முதுகுப் பக்கத்திலிருந்து, மேலுறை அந்தப் பக்கத்தை மூடாது. உள்ளே தடித்த குப்பைப் பை ஒன்றை விரித்து அதற்குள் துணியை வையுங்கள், வாயை முறுக்கி மடித்துவிடுங்கள்.

வைத்துக் காப்பதிலும் நம் ஊருக்கென்று ஒரு தொல்லை. பையின் உள்பக்கம் தண்ணீர் புகாமல் இருக்கப் பூசியிருக்கும் பாலியூரித்தேன் பூச்சை, வருடம் முழுக்க இருக்கும் நம் ஈரக்காற்று மெதுவாகச் சிதைத்துவிடும், ஷூ அடிப்பாகம் திடீரென்று வாயைப் பிளக்கிறதே, அதே காரணம். வீவக அடுக்குமாடி வீடுகளில் பாம்ப் ஷெல்டர் என்ற குண்டுக் காப்பறைக்குள்தான் எல்லாரும் எல்லாவற்றையும் அடைக்கிறோம், கதவைச் சாத்தினால் காற்றோட்டம் குறைந்த இடம். என் பழைய பை ஒன்று அங்கே நான்கு வருடம் கிடந்தது. வெளியே எடுத்தபோது உள்பக்கம் பலாப்பழப் பிசின் மாதிரி கையில் ஒட்டியது, வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்ந்தது, வாடையும் வேறு. இப்போது என்னிடம் இருக்கும் டாய்ட்டர் பை சமையலறை ஜன்னல் பக்கம் ஜிப் திறந்தபடி ஆணியில் தொங்குகிறது. அதில் வெங்காயம் போட்டு வைக்கலாமா என்று அம்மா இதுவரை இரண்டு தடவை கேட்டுவிட்டார்.