ஆயிரத்து இருநூறு ரூபாய்: இருபது மாசம் வாங்கிப் பார்த்தவளோட விமர்சனம்

மிக்சி, குக்கர், பிள்ளைங்க ஸ்கூல் ஷூன்னு எதை எதையோ பத்தி எழுதியிருக்கேன். அரசாங்கத்துப் பணத்துக்கு விமர்சனம் எழுதுறது இதுதான் முதல் தடவை. போன வாரம் ஜாக்கெட் தைக்கக் குடுக்க வந்த அக்கா ஒருத்தங்க, அளவெல்லாம் குடுத்து முடிச்சிட்டு, கிளம்புறப்போ குரலை இறக்கிக் கேட்டாங்க: "நீ கைவிடப்பட்டோர் பென்ஷன் வாங்குறியாமே. அதை வச்சு ஓட்ட முடியுதா? என் தங்கச்சிக்கு மனு போடலாமான்னு பார்க்குறேன்." புருஷன் விட்டுட்டுப் போன பொம்பளைங்களுக்கு அரசாங்கம் மாசாமாசம் குடுக்குற 1,200 ரூபாயைத்தான் கேட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல சொல்ல முடியல. அதான் எழுதுறேன்.

ஊர்ப் பேரு போடல. நாளைக்கும் அதே ஆபீஸ் படியேறணும். தென்மாவட்டத்துல ஒரு பேரூராட்சின்னு வச்சுக்குங்க.

என் கதை சுருக்கமா. 2018 ஆகஸ்ட்ல அவரு திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னு கிளம்பினாரு. தீபாவளிக்கு வரல, பொங்கலுக்கும் வரல. அப்புறம் நம்பரும் மாறிப்போச்சு. பொண்ணுக்கு அஞ்சு வயசு, பையனுக்கு ஒண்ணு, எனக்கு இருபத்தாறு. மறு வருஷம் தாலுகா ஆபீஸ்ல கேட்டப்போ சொன்னாங்க: கணவர் விட்டுட்டுப் போய் 5 வருஷம் முடிஞ்சிருக்கணும், இல்ல கோர்ட்ல விவாகரத்தோ பிரிவுச் சான்றோ வாங்கியிருக்கணும், வயசும் 30 ஆகியிருக்கணும். எனக்கு மூணும் இல்ல. அஞ்சு வருஷம் கழிச்சு வாம்மான்னு அனுப்பிட்டாங்க. பால் குடிக்கிற பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டு நின்னவகிட்ட.

எதிர் வீட்டு அக்காவுக்கு வீட்டுக்காரர் இறந்துட்டாரு. அவங்களுக்கு ஆதரவற்ற விதவை பென்ஷன். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், வி.ஏ.ஓ. அறிக்கை, மூணு மாசத்துல ஆர்டர் வந்துருச்சு. அவங்க துக்கம் அவங்களுக்கு, அதுல போட்டி இல்ல. ஆனா "அந்த ஆளு செத்திருந்தா உனக்கும் ஒரு தாள்ல முடிஞ்சிருக்கும்டி"ன்னு எங்கம்மா சொன்னப்போ எனக்குக் கோபம் வரல. கணக்கு சரிதானேன்னு தோணுச்சு.

2023-ல அஞ்சு வருஷம் முடிஞ்சுது. இ-சேவை மையத்துல 60 ரூபா கட்டி கைவிடப்பட்ட பெண் சான்றிதழுக்குப் போட்டேன். அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. (வருவாய் ஆய்வாளர்), தாசில்தார்னு ஒவ்வொரு படியா ஏறணும். முதல் படியிலேயே முட்டுச்சு. ரேஷன் கார்டுல அவரு பேரு இன்னும் இருக்கேம்மான்னாங்க. பேரை நீக்கப் போனா இறப்புச் சான்றிதழ் குடுங்கன்னாங்க. அப்புறம், அவரு வரவே இல்லன்னு அக்கம்பக்கத்துல ரெண்டு பேர் கையெழுத்து வேணும்னாங்க. ஒரு ஆளு வந்துபோனதைப் பார்த்தேன்னு சொல்ல சாட்சி கிடைக்கும். வரலைங்கிறதுக்கு எவ வந்து சாட்சி சொல்லுவா? கடைசியில டீக்கடை அண்ணனும் வீட்டுக்கார அம்மாவும் போட்டாங்க.

வி.ஏ.ஓ. வீட்டுக்கே வந்து பார்த்தாரு. வாசல்ல நின்னபடியே உள்ள இருந்த தையல் மிஷினைப் பார்த்தாரு.

"தைக்கிறீங்களாம்மா?"

"ஆமா சார்."

"அப்ப வருமானம் இருக்கே. ஆதரவற்றவங்கன்னு எப்படி எழுதுறது?"

எனக்கு வாய் வரல. பக்கத்து வீட்டுப் பாட்டிதான் திண்ணையில இருந்தே, "மிஷின் இருந்தா ஆச்சாய்யா? துணி வந்தாத்தான காசு"ன்னுச்சு. அவரு சிரிச்சிட்டு எழுதிக்கிட்டாரு. நல்ல மனுஷன்தான், குறை சொல்லல. ஆனா அன்னைலேருந்து யாராவது சார்னு வந்தா மிஷின் மேல போர்வையை இழுத்துப் போட்டுடறேன். இன்னிக்கும் அந்தப் பழக்கம் போகல.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. 2023 செப்டம்பர் 15-ல கலைஞர் மகளிர் உரிமைத் தொகை ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடியே ரேஷன் கடையில டோக்கன் குடுத்தாங்க, முகாம் போட்டாங்க, போனேன். நிலம் எவ்வளவு, கார் இருக்கா, கரண்டு எத்தனை யூனிட் ஓடுது, இவ்வளவுதான் கேள்வி. புருஷன் எங்கன்னு முகாம்ல எழுதிக்கிட்ட பிள்ளைங்க கேட்கவே இல்ல. மாசம் 1,000 ரூபா அக்கவுன்ட்ல வந்து விழுந்துச்சு.

2024 பிப்ரவரியில பென்ஷன் ஆர்டர் வந்துச்சு. மார்ச்ல முதல் 1,200. அதோட உரிமைத் தொகை நின்னுருச்சு. சமூகப் பாதுகாப்பு பென்ஷன் வாங்குறவங்களுக்கு அது கிடையாது, ரெண்டும் சேர்த்து வாங்க முடியாது. ஆக அஞ்சு வருஷம் காத்திருந்து, ஆறு மாசம் அலைஞ்சு, நான் சம்பாதிச்சது மாசம் 200 ரூபா. ஜெராக்ஸ், போட்டோ, இ-சேவை, தைக்காம விட்ட நாள் எல்லாம் சேர்த்தா அந்த 200 ஒரு வருஷத்துக்குக் கடனைத்தான் அடைச்சுது. அந்தப் பணத்துக்குப் பேரு உரிமை, இந்தப் பணத்துக்குப் பேரு உதவி. பேருக்கு ஏத்த மாதிரிதான் நடத்தவும் செஞ்சாங்க.

தொகையைப் பத்தி. 1,200-ஐ முப்பது நாளுக்கு வகுத்தா 40 ரூபா. நாங்க மூணு பேரு, ஆளுக்கு 13 ரூபா 33 காசு. எங்க ஊர்ல டீ 15. இந்த பென்ஷனை 2011-ல 1,000 ஆக்கினாங்க. அப்புறம் 2023 ஆகஸ்ட் வரைக்கும் பன்னெண்டு வருஷம் அதே 1,000. அந்தப் பன்னெண்டு வருஷத்துல வாடகையோ பருப்போ சும்மா நின்னுச்சா? இப்ப நான் இருக்கிறது லைன் வீடு, ஒரு ரூம், பின்னாடி அடுப்படி, பொதுக் கக்கூஸ், வாடகை 2,500. அரசாங்கத்துப் பணம் அதுல பாதிக்குக்கூட வராது. வீட்டுக்கு வீடு 100 யூனிட் கரண்டு இலவசம்னு சொல்றாங்க. லைன் வீட்டுல அது ஓனருக்கு. எங்களுக்கு சப் மீட்டர், யூனிட் 8 ரூபா.

ஆனாலும் பிள்ளைங்க பட்டினி கிடக்கல. இதையும் சொல்லணும், இல்லாட்டி விமர்சனம் நேர்மையா இருக்காது.

அரிசி ரேஷன்ல சும்மா வருது, 2011-லேருந்து அப்படித்தான். பருப்பு கிலோ 30, பாமாயில் 25, சீனி 25. வெளியில பருப்பு வாங்கினா இதைப்போல நாலு மடங்கு. அரிசியைப் பத்தி ஆளாளுக்குக் குறை சொல்லுவாங்க. மாசத்துக்கு மாசம் மாறும்ங்கிறதுதான் உண்மை. நல்ல அரிசி வந்த மாசம் சோறு, வாசம் அடிச்சா இட்லிக்கு ஊறப் போட்டுடுவேன். மாவா அரைச்சுட்டா யாருக்குத் தெரியும்.

காலைச் சாப்பாட்டுத் திட்டத்துக்கு நான் அஞ்சுக்கு அஞ்சு ஸ்டார் குடுப்பேன். பையன் மூணாங்கிளாஸ், அரசு தொடக்கப் பள்ளி. காலையில உப்புமா, கிச்சடி, பொங்கல்னு ஏதாவது ஒண்ணு சாம்பாரோட. மத்தியானம் சத்துணவு, முட்டையோட. காலையில ஏழரைக்கு அவனைக் குளிப்பாட்டி அனுப்பினா, சாயங்காலம் வரைக்கும் அவன் வயித்தைப் பத்தி நான் நினைக்க வேண்டியதில்ல. காலையில சமைக்காம மிச்சமாகுற ஒன்றரை மணி நேரத்துல ரெண்டு ஜாக்கெட்டுக்கு ஓரம் அடிச்சிடுவேன். ஒரே குறை, அஞ்சாங்கிளாஸோட நின்னுடுது. பொண்ணு ஏழாவது. தம்பி வந்து இன்னிக்குப் பொங்கல்ல மிளகு இருந்துச்சுன்னு கதை சொல்லுவான், இவ பழைய சோத்துல மோரை ஊத்திக்கிட்டு, "மிளகு எல்லாருக்கும்தாண்டா போடுவாங்க"ம்பா.

பஸ்ஸும் அப்படித்தான். 2021 மே மாசம் வந்துச்சு, டவுன் பஸ்ல பொம்பளைங்களுக்கு டிக்கெட் இல்ல. பக்கத்து டவுனுக்குத் துணி, லைனிங், ஹூக் வாங்க வாரத்துக்கு மூணு தடவை போவேன். முன்னாடி போகவர 24 ரூபா. கணக்குப் போட்டா மாசம் முந்நூறுக்குக் கிட்ட மிச்சம், ஏறக்குறைய பென்ஷன்ல கால்வாசி. ஓசி பஸ்ஸுன்னு சில ஆம்பளைங்க முனகுவாங்க. முனகட்டும். அந்த பஸ்ல ஏற எனக்கு எந்த சான்றிதழும் வேணாம். வக்கீல் வீட்டம்மாவும் என் பக்கத்து சீட்லதான் உட்கார்ந்து வர்றாங்க.

நூறு நாள் வேலை கேட்பீங்க. எங்களுக்குக் கிடையாது, அது ஊராட்சிக்கு மட்டும், நாங்க பேரூராட்சி. ரெண்டு கிலோமீட்டர் தள்ளி என் நாத்தனார் ஊர்ல இருக்கு, 2025-ல நாள் கூலி 336-ன்னு போட்டிருந்தாங்க. எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம் வாக்கப்பட்டுட்டேன், என்ன செய்ய.

இப்ப அந்த அக்கா கேட்ட கேள்விக்கு வர்றேன். 2025 ஜூன் கணக்கு நோட்டுல இருக்கு: வாடகை 2,500, கரண்டு 430, பால் 660, மளிகையும் காய்கறியும் 2,700, சிலிண்டருக்கு எடுத்து வச்சது 600 (அப்ப ஒரு சிலிண்டர் 900-ஐத் தொட்டுச்சு, ஒன்றரை மாசம் ஓட்டுவேன்), போன் ரீசார்ஜ் 300, பொண்ணுக்கு டியூஷன் 300, பையனுக்குக் காய்ச்சல்னு தனியார் டாக்டர் 350, நோட்டு, ஜாமெட்ரி பாக்ஸ், சாக்ஸ் 480. பாடப் புத்தகம், யூனிஃபார்ம், பை பள்ளிக்கூடத்துலயே குடுத்துட்டாங்க. மொத்தம் 8,320. தையல்ல வந்தது 4,600. பென்ஷன் 1,200. பாக்கி 2,520 துண்டு விழுது. அதுக்கு முந்தின மே மாசம் இதைவிட மோசம், பள்ளிக்கூடம் லீவு, ரெண்டு பேரும் மூணு வேளையும் வீட்டுல.

அந்தத் துண்டை அடைக்கிறது பென்ஷன் இல்ல. அடைக்கிறது வேற ஒண்ணு, அதைத்தான் யாரும் சொல்லித் தர்றதில்ல. மிஷன் வாத்சல்யான்னு மத்திய அரசும் மாநிலமும் 60-க்கு 40 போட்டு நடத்துற திட்டம். அப்பா இறந்துட்டா, இல்ல விட்டுட்டுப் போயிட்டா, அந்தப் பிள்ளைக்கு மாசம் 4,000 ரூபா, பதினெட்டு வயசு வரைக்கும். வருஷ வருமானம் கிராமத்துல 72,000, டவுன்ல 96,000-க்குள்ள இருக்கணும். தாலுகா ஆபீஸ்ல நாலு வருஷம் நின்னிருக்கேன், ஒருத்தர்கூட இதைச் சொல்லல. சொன்னது பொண்ணோட ஹெட்மிஸ்ட்ரஸ். கலெக்டர் ஆபீஸ் பக்கம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுன்னு ஒண்ணு இருக்கு, அங்க போய்க் கேளுன்னாங்க. போனேன். வீட்டுக்கு வந்து விசாரிச்சாங்க, பிள்ளைகிட்டத் தனியாப் பேசினாங்க. பிள்ளை அங்க படிக்குதுன்னு பள்ளிக்கூடத்துல போனஃபைடு சான்றிதழ் வாங்கினேன், பிள்ளை பேர்லயும் என் பேர்லயும் சேர்த்து பேங்க்ல அக்கவுன்ட் தொறந்தேன். இந்தத் தடவை கைவிடப்பட்ட பெண் சான்றிதழ் கையில இருந்ததால வேலை சுளுவா முடிஞ்சுது. அலைஞ்சு சம்பாதிச்சது மாசம் 200 தான்னு மேல சொன்னேன்ல, அதுல இந்த ஒரு திருத்தம்.

பொண்ணுக்குக் கிடைச்சுது. மாசாமாசம் வராது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமா வரும். வர்ற வரைக்கும் குழுவுல கடன், வந்ததும் கடனை அடைக்கிறது, அடைச்சது போக மிச்சத்துல ஒரு தடவை சீலிங் ஃபேன், ஒரு தடவை பொண்ணுக்குக் கண்ணாடி. பலகையில கண்ணு தெரியலன்னு அவ ஒரு வருஷமா என்கிட்டச் சொல்லவே இல்ல.

அதனால அக்கா, உங்க தங்கச்சிக்கு நான் சொல்றது இதுதான். 1,200-ஐ நம்பி மட்டும் புகுந்த வீட்டை விட்டு வர வேண்டாம்னு சொல்ல மாட்டேன், அடி வாங்கிக்கிட்டு இருக்கிறதுக்கு இது மேல். ஆனா அது வாழுறதுக்கான பணம் இல்ல. பிள்ளைக்கான 4,000-க்கு முதல்ல போடச் சொல்லுங்க. புருஷனைப் பிரிஞ்ச தேதிக்கு ஒரு ஆதாரம் அன்னிக்கே உண்டாக்கி வைக்கச் சொல்லுங்க. மகளிர் ஸ்டேஷன்ல மனு குடுத்து ரசீது வாங்கினா போதும். நான் அதைச் செய்யாம விட்டுத்தான் டீக்கடை அண்ணன்கிட்ட நின்னேன். கோர்ட்ல ஜீவனாம்சம் கேட்கணும்னா இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் பார்க்காம வக்கீல் வச்சுக் குடுப்பாங்க. தையல் மிஷின் இருந்தா உள்ரூம்ல வைக்கச் சொல்லுங்க.

ஸ்டார் போடணும்னா: பென்ஷன் பணத்துக்கு ரெண்டு. அதை வாங்குற வழிக்கு ஒண்ணு, அதுவும் பாட்டிக்காக. பஸ்ஸுக்கும் காலைச் சாப்பாட்டுக்கும் அஞ்சு. வாத்சல்யாவுக்கு மாசாமாசம் வந்தா அஞ்சு, இப்போதைக்கு மூணரை.

பையனுக்கும் அந்த 4,000 கேட்டு மனு எழுதி வச்சிருக்கேன். ஒரு வீட்டுல ஒரு பிள்ளைக்குத்தான்னு ஒருத்தர் சொல்றாரு, அப்படி விதி எங்க இருக்குன்னு காட்டுங்கன்னா காட்ட மாட்டேங்குறாரு. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குறைதீர்க்கும் நாள். எட்டு பத்துக்கு பிங்க் பஸ் இருக்கு. அதுக்குள்ள அவன் பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பான், திங்கக்கிழமைன்னா உப்புமா.