வியன்னாவிலிருந்து வரும் கணக்கர்கள்: இராதாபுரத்திலிருந்து ஒரு சேவை மதிப்பீடு

அம்பாசமுத்திரத்தில் எங்கள் தாத்தா கூலிக்கு நெல் அரைத்துக் கொடுக்கும் மில் ஒன்று வைத்திருந்தார். நெல் கொண்டுவருபவர்கள் மூட்டையைத் தங்கள் கண்முன்னே எடைபோடச் சொல்வார்கள். போகும்போது அரிசியோடு குருணையையும் தவிட்டையும் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போவார்கள். அரவையில் கொஞ்சம் குறையும் என்பதை எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் பேச்சு தடிக்கும். ஒரு நாடு தன் உலையில் எரிந்த அணு எரிபொருளை வேறொரு நாட்டுக்கு அனுப்பிப் பதப்படுத்தி, அதில் உருவான புளூட்டோனியத்தைப் பிரித்து வாங்கும்போதும் இதே கேள்விதான் எழுகிறது. ஆனால் அங்கே கணக்கில் வராமல் போவது 8 கிலோ புளூட்டோனியமாக இருந்தால், அதைக் கொண்டு ஓர் அணுகுண்டு செய்யப்படும் வாய்ப்பை மறுக்க முடியாது என்று சர்வதேச அணுசக்தி முகமையே அளவு வகுத்து வைத்திருக்கிறது. வியன்னாவைத் தலைமையிடமாகக் கொண்டு 1957 முதல் இயங்கும் அந்த முகமையின் கணக்குப் பார்க்கும் சேவையை, கூடங்குளம் அணுமின் நிலையம் அமைந்துள்ள அதே வட்டத்தில் குடியிருப்பவன் என்ற முறையில் இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கியாக வேண்டும். உலை வெடிக்காமலும் கதிர்வீச்சு கசியாமலும் பார்த்துக்கொள்வதும் தமிழில் 'பாதுகாப்பு'. எரிபொருள் ஆயுத வேலைக்குத் திருப்பப்படாமல் பார்த்துக்கொள்வதும் 'பாதுகாப்பு' என்றே செய்தித்தாள்களில் வருகிறது. முதலாவது வேலை நம் நாட்டில் 1983-இல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தைச் சார்ந்தது. இரண்டாவதுதான் வியன்னா ஆய்வாளர்களின் வேலை. "வெளிநாட்டு அதிகாரிகளே வந்து சோதித்துவிட்டார்கள், இனி என்ன பயம்?" என்று எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் யாராவது சொன்னால், எடைக்கல்லில் முத்திரை குத்தியவர் பண்டம் கெடாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டார் என்று சொல்வதற்குச் சமம். ஆகவே இந்தச் சேவைக்கு நான் போடும் மதிப்பெண்ணை, உலையின் பத்திரத்துக்குப் போட்ட மதிப்பெண்ணாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

அணுமின் நிலைய வளாகத்தைப் பொறுத்தவரை இந்தச் சேவை திறமாகவே நடக்கக்கூடியது. கூடங்குளத்தின் முதல் இரண்டு உலைகளும் ரஷ்ய வடிவமைப்பில் தலா 1,000 மெகாவாட் திறன் கொண்டவை. எரிபொருள் ரஷ்யாவில் செறிவூட்டப்பட்டு (அதாவது யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையின் பங்கு கூட்டப்பட்டு), நோவோசிபிர்ஸ்க் ஆலையில் எரிகோல் கட்டுகளாக ஆக்கப்பட்டு வருகிறது. உலைக்குள் ஒரு நேரத்தில் 163 கட்டுகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எனவே ஆய்வாளருடைய வேலை பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதுதான்: புதிதாக வந்தவை எத்தனை, உலைக்குள் எத்தனை, எரிந்து முடிந்து குளத்தில் கிடப்பவை எத்தனை என்ற மூன்று எண்களும் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும். குளத்தில் கிடப்பது உண்மையிலேயே எரிந்த எரிபொருள்தானா, அல்லது வெறும் போலிக் கட்டா என்பதைத் தண்ணீருக்குள் அது வீசும் நீல ஒளியைச் சிறப்புக் கருவியால் பார்த்து அறிந்துகொள்கிறார்கள். ஆய்வாளர் இல்லாத நாட்களுக்குக் கேமராவும் முத்திரையும் இருக்கின்றன.

அந்த முத்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் மிகவும் ரசித்த பகுதி அதுதான். நம் ஊர்க் கடைகளில் எடைக்கல்லின் அடியில் உள்ள ஈயத்தில் முத்திரை ஆய்வாளர் அடையாளம் குத்திவிட்டுப் போவார். வியன்னாக்காரர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவந்த உலோக முத்திரையும் பார்வைக்கு அதுபோலவே எளியது. காசு அளவுள்ள இரண்டு மூடிகள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும், நடுவே கம்பி ஓடும். ஆனால் மூடியின் உட்புறத்தில் தாறுமாறாகக் கீறல்கள் போட்டு, அவற்றை முன்கூட்டியே படம் எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். பின்னொரு நாள் முத்திரையைக் கழற்றி வியன்னாவுக்கே கொண்டுபோய், பழைய படத்தோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுகிறார்கள். எண்ணைப் போலியாகப் பொறித்துவிடலாம், கீறலைப் போலியாகச் செய்வது கடினம். இப்போது ஒளியிழை முத்திரைகளும் மின்னணு முத்திரைகளும் வந்துவிட்டன. இருந்தாலும் அந்தப் பழைய மூடியின் எளிமையில் உள்ள புத்திசாலித்தனம் என்னை விட்டு அகலவில்லை.

எவ்வளவு விரைவாகக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. பிரித்தெடுக்கப்பட்ட புளூட்டோனியம் காணாமற்போனால் ஒரு மாதத்துக்குள்ளும், எரிந்த எரிபொருளிலுள்ளது போனால் மூன்று மாதங்களுக்குள்ளும், குறைந்த அளவு செறிவூட்டிய யுரேனியம் போனால் ஓராண்டுக்குள்ளும் தெரிந்தாக வேண்டும் என்பது இலக்கு. ஆயுதமாக மாற்ற எத்தனை காலம் பிடிக்கும் என்பதை ஒட்டியே இந்தத் தவணைகள் வகுக்கப்பட்டுள்ளன.

சேவையின் தரம் தடுமாறத் தொடங்குவது, புளூட்டோனியத்தைப் பிரிக்க எரிந்த கட்டுகளை வெட்டி அமிலத்தில் கரைக்கும் இடத்தில், அதாவது மறுபதப்படுத்தும் ஆலையில்தான். அதுவரை எண்ணியது போதும். அதற்குப் பிறகு அளக்க வேண்டும். மூட்டையை எண்ணுவதற்கும், தூசி பறக்கும் மில்லுக்குள் தவிட்டை நிறுப்பதற்கும் உள்ள வேறுபாடு அது. தன் உலைகளில் எரிந்த எரிபொருளில் சுமார் 7,000 டன்னைப் பிரான்சின் லா ஆகுவுக்கும் பிரிட்டனின் செல்லாஃபீல்டுக்கும் கப்பலில் அனுப்பிப் பதப்படுத்திய ஜப்பான்தான் இந்தக் கூலி அரவைக்குப் பெரிய உதாரணம். கண்ணாடியாக உறையவைத்த கழிவைக்கூடப் பிரான்ஸ் 1995 முதல் 2007 வரை கப்பலேற்றித் திருப்பி அனுப்பியது. உமியும் உனதே என்பதுதான் ஒப்பந்தம். புளூட்டோனியத்தில் பெரும்பகுதியோ இன்னும் மில்லிலேயே கிடக்கிறது: 2022 இறுதியில் ஜப்பானுக்குச் சொந்தமாக இருந்த சுமார் 45 டன்னில் சுமார் 36 டன் அந்த இரு நாடுகளில்தான் இருந்தது. பிரான்சும் பிரிட்டனும் அணு ஆயுத நாடுகள் என்பதால், முகமையின் ஆய்வு அங்கே அவர்களாக விரும்பி முன்வந்த அளவுக்கே நடக்கும் என்பதையும் வாடிக்கையாளர் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

அளவைப் பிழை என்ன செய்யும் என்பதற்கு ஜப்பானின் டோக்காய் மறுபதப்படுத்தும் ஆலையே சாட்சி. அங்கே 25 ஆண்டுகளில் கணக்குக்கும் கையிருப்புக்கும் இடையே 206 கிலோ புளூட்டோனியம் இடித்ததாக 2003-இல் அறிவிக்கப்பட்டது. திருட்டு என்று யாரும் சொல்லவில்லை. பெரும்பகுதி கழிவோடு போனது, சிதைந்து மாறியது, முதலிலேயே கூடுதலாக மதிப்பிடப்பட்டது என்றெல்லாம் விளக்கம் தரப்பட்டது, அவை நம்பத்தக்கவையும்கூட. ஆனால் முகமை தானே வகுத்த 8 கிலோ அளவுகோலால் வகுத்துப் பாருங்கள், இருபத்தைந்து மடங்குக்கும் மேல் வருகிறது. ஆண்டுக்கு 800 டன் எரிபொருளிலிருந்து சுமார் 8 டன் புளூட்டோனியம் பிரிக்கும்படி திட்டமிடப்பட்ட, ஜப்பானின் இன்னொரு ஆலையான ரொக்காஷோவில், அளவை நூற்றுக்கு ஒன்று தவறினாலே 80 கிலோ. தாத்தாவின் மில்லில் நூற்றுக்கு ஒன்று குறைந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள்.

அதே சமயம், கணக்குப் பார்ப்பதால் விளைந்த ஒரு நன்மையையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். செல்லாஃபீல்டின் தோர்ப் ஆலையில் 2005 ஏப்ரலில் 83 கன மீட்டர் கரைசல், அதாவது சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும் கலந்த திரவம், உடைந்த குழாய் வழியாக மூடிய அறைக்குள் ஒழுகிக் கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. மாதக்கணக்கில் ஒழுகியதை அபாய மணிகள் சரியாக உணர்த்தவில்லை. வரவும் செலவும் ஒட்டாமல் போனதைத் தொடர்ந்தே கேமராவை இறக்கிப் பார்த்தார்கள். கணக்கரின் பேரேடு பொறியாளரின் கருவியை முந்திக்கொண்ட நிகழ்ச்சி அது.

இந்தச் சேவை இவ்வளவு கெடுபிடியாக ஆனதற்கு நாமும் ஒரு காரணம் என்பதை மறைப்பதற்கில்லை. கனடா நமக்குக் கொடுத்த சைரஸ் என்ற ஆராய்ச்சி உலைக்கு முகமையின் கண்காணிப்பு இல்லை, 'அமைதிப் பயன்பாட்டுக்கே' என்ற வாக்குறுதி மட்டுமே இருந்தது. அதன் புளூட்டோனியம் 1974-இல் பொக்ரானில் வெடித்தபோதுதான், எரிபொருளும் கருவிகளும் விற்கும் நாடுகள் ஒன்றுகூடித் தமக்குள் விதிகள் வகுத்துக்கொண்டன. விளைவை, அமெரிக்க எரிபொருளில் ஓடிய தாராப்பூர் அணுமின் நிலையம் அனுபவித்தது: அமெரிக்கா எரிபொருள் வழங்குவதை நிறுத்தியது, எரிந்ததை மறுபதப்படுத்தவும் சம்மதம் தரவில்லை, அது ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்தது. பொருளை விற்ற பிறகும் அதன் தவிட்டின் மீது விற்றவருக்கு உரிமை இருக்கும் விசித்திரமான வணிகம் இது. அமெரிக்க எரிபொருளை மறுபதப்படுத்த 2010-இல் செய்துகொண்ட ஏற்பாட்டில்கூட, முகமையின் கண்காணிப்பில் அதற்கென்றே புதிதாகக் கட்டப்படும் ஆலைகளில்தான் அதைச் செய்ய வேண்டும் என்று எழுதப்பட்டிருக்கிறது.

கூடங்குளத்துக் கதை வேறு விதமானது. 1988-இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் ஒப்பந்தம் செய்தபோது, எரிந்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போகும் என்றுதான் ஏற்பாடு. 1998-இல் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டபோது, அது இந்தியாவிலேயே இருக்கும் என்று மாறியது. இதே குடும்பத்தைச் சேர்ந்த உலை ஓடும் ஈரானின் புஷேரிலோ, எரிந்ததை ரஷ்யாவே திரும்ப எடுத்துக்கொள்ளும் என்று 2005-இல் கையெழுத்தானது. கண்காணிப்பவரின் பார்வையில் புஷேர் ஏற்பாடே எளிது, கணக்கு அங்கே சீக்கிரம் முடிந்துவிடும். நம் பக்கத்தில் முடியாது. ஒரு பொருள் முற்றிலும் தீர்ந்துபோனாலோ, மீட்டெடுக்க முடியாதபடி கலந்துபோனாலோ ஒழியக் கண்காணிப்பு அதை விடாது என்பது விதி. ஆகவே குளத்தில் கிடக்கும் கட்டுகளைத் தொடர்ந்து ஆய்வாளர்களும் வந்துகொண்டே இருக்க வேண்டும்.

சேவையின் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். அணு ஆயுதப் பரவல் தடை ஒப்பந்தத்தில் இந்தியா சேரவில்லை. முகமையோடு 2009-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம், பட்டியலில் நாமே சேர்த்த நிலையங்களுக்கு மட்டுமே பொருந்தும். அதனால் இதே மாநிலத்தில் கூடங்குளத்துக்கு முத்திரை உண்டு, கல்பாக்கத்து மின் உலைகளுக்கு இல்லை. ஒரே கடையில் இரண்டு தராசு என்று இதை யாராவது குறை சொன்னால் என்னிடம் முழுமையான பதில் இல்லை. அயலாரின் எரிபொருள் ஏறும் தராசுக்காவது முத்திரை இருக்கிறதே என்றுதான் சொல்ல முடியும்.

என் பெரிய குறை அறிக்கையைப் பற்றியது. ஆண்டுதோறும் முகமை தன் முடிவுகளை வெளியிடுகிறது; இந்தியா, பாகிஸ்தான், இஸ்ரேல் ஆகிய மூன்று நாடுகளுக்கும் சேர்த்து, கண்காணிப்பில் உள்ள பொருள்களும் நிலையங்களும் அமைதிப் பணிகளிலேயே நீடித்தன என்ற பொருள்பட முடிவுரைத்துவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறது. கூடங்குளத்துக்கு எத்தனை முறை வந்தார்கள், எண்ணியது ஒத்துப்போனதா என்பது அந்த முடிவுரையில் இல்லை. வணிக ரகசியமும் காவலும் உள்ள இடத்தில் எல்லாவற்றையும் அச்சிட முடியாது என்பது புரிகிறது. ஆனால் தாத்தாவின் மில்லில் எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சீட்டு ஒன்று எழுதிக் கொடுத்து, அதை வாசித்தும் காட்டுவார்கள். எண்ணும் வேலைக்கு ஐந்துக்கு நாலரை, கரைத்த பிறகு அளக்கும் வேலைக்கு மூன்று, சீட்டுக்கு ஒன்று என்று மதிப்பெண் போடுகிறேன்.